வால்டெசிரும் மூட்டை உப்பும்

தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பள்ளியில் கடைசி வருடம் படித்தபோது யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. இப்போது கேட்டால் சொல்லிவிடுவேன். எங்கள் ஊரான வார்ஜெம் ஃபுண்டாவில் அதற்கு அரை டம்ளர் காபி குடிக்கும் நேரம் போதும். அளந்து காட்டியவர் பால்காரர் வால்டெசிர்.

இந்தக் கதையை அவரே ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு பத்துப் பன்னிரண்டு தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தன்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கித்தான் சொல்வார். கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்து அவருடைய அக்காவிடம் போய்க் கேட்டேன். "குறைச்சுச் சொல்லியிருக்கான்" என்றார் அக்கா. அதனால் இருவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வால்டெசிருக்கு நாற்பத்து மூன்று வயது. பதினோரு கறவை மாடுகள், ஓடைப் பக்கம் கொஞ்சம் புல்வெளி, கதவு சாத்தாத ஒரு பழைய சரக்கு வண்டி. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஏன் என்று கேட்டால், "டீச்சருக்குத் தெரிஞ்சது அதோட தீந்துபோச்சு, நான் என்ன பண்றது?" என்பார். ஊரில் அவரைப் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு வைத்த பெயர் என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாராம். பேருந்து நின்றுபோனால் ஓட்டுநருக்கு இன்ஜினைப் பற்றிச் சொல்வார். கால்நடை மருத்துவர் ஊசி போடும்போது பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் மேலே" என்பார். கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தியோடு ஏழு வருடம் பழகினார். அவளுடைய அம்மாவுக்குப் பீன்ஸ் வேகவைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு அது முடிந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் மாடு, பாதி வீடுகளில் அலங்கார மீன். ரியோ, சாவோ பாவுலோவில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் மீன்களில் நிறைய இங்கே பிறந்தவைதான். மாட்டுக்காரர்களுக்கு மீன்காரர்களைக் கண்டால் கொஞ்சம் இளப்பம். "கையில பிடிச்சா நழுவுறதெல்லாம் ஒரு கால்நடையா?" என்பார்கள். மீன்காரர்கள் பதிலுக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வால்டெசிர் மாட்டுக்காரர். அவருடைய அக்கா மார்லூசியா மீன்காரி.

மார்லூசியாவின் வீட்டுக்குப் பின்னால் முப்பது சிமெண்டுத் தொட்டிகள். பக்கத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகை. அதற்குள் மரப்பலகைகளில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். பனங்குருத்து ஊறுகாய் வந்த ஜாடிகள்தான், கழுவி எடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் ஃபைட்டர் மீன். ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவில் அட்டை செருகியிருக்கும். அட்டை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கும்.

நான்கு வருடமாக மார்லூசியா ஒரே ஒரு மீனுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். பால் காபி நிறத்தில் உடம்பு, விசிறி போன்ற வால், வாலின் விளிம்பில் மட்டும் மையால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. எத்தனையோ ஜோடி சேர்த்து, எத்தனையோ குஞ்சுகளைக் கழித்து, அந்த ஜூன் மாதம்தான் சரியான ஒரு ஜோடி அமைந்தது. முட்டையிட்ட மறுநாளே பெண் மீன் செத்துப்போயிற்று. ஆண் மீனுக்கும் வயதாகிவிட்டது. ஆக, அந்த நான்கு வருட உழைப்பு முழுவதும் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது. கதவைக் கழற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு சாண் தண்ணீர் விட்டு, காய்ந்த வாழையிலைத் துண்டுகள் போட்ட பெட்டி. அதில் சுமார் இருநூறு குஞ்சுகள், ஒவ்வொன்றும் கண் இமை மயிர் அளவு.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மார்லூசியாவின் தொலைபேசி அடித்தது. ஜூயிஸ் டி ஃபோரா நகரில் இருக்கும் மகளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே பிரசவ வலி வந்துவிட்டது. பேருந்து ஏழே காலுக்கு. மார்லூசியா பையில் துணியைத் திணித்துக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். வால்டெசிர் வந்து, நேராகச் சமையலறைக்குப் போய், ஃபிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டார்.

"டேய், ஆர்ட்டீமியா பொரிக்கத் தெரியுமா உனக்கு?"

வால்டெசிர் ஆர்ட்டீமியாவைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கடையில் அந்தப் பெயர் போட்ட டப்பாவைப் பார்த்திருக்கிறார். ஏதோ மருந்து என்று நினைத்திருந்தார். காபியில் பாதி குடித்தார்.

"தெரியாமலா? முட்டைதானேக்கா. போட்டா பொரியப் போவுது."

"கருவாட்டைப் பொரிக்கிற மாதிரி பொரிச்சு வெச்சிடாதே. மீன்கார ஓசோரியோகிட்ட சொல்லிட்டுப் போலாம்னு பாத்தேன்."

"ஓசோரியோவா? அக்கா, சொந்தத் தம்பி நான் இருக்கேன். அடுத்தவன் வாசல்ல போயி ஏன் நிக்கணும்?"

மார்லூசியா கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதித் தரட்டுமா?"

"எழுதறதா! எனக்கா?"

"அப்ப காதையாவது குடு. குளிர்பான பாட்டில் ஒன்னு அடியை வெட்டித் தலைகீழா தொங்குது பாரு, அதுல ஒரு லிட்டர் தண்ணி. மூட்டை உப்பு ரெண்டு கரண்டி. பாக்கெட் உப்பு போடாதே, ஆகாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா. டப்பாவுல இருக்கிற முட்டை கால் கரண்டி. ஏர் பம்பு ஓடிக்கிட்டே இருக்கணும், குண்டு பல்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். இந்தக் குளிர்ல ஒன்னரை நாள் ஆகும். குஞ்சுங்க இப்போ அப்பன் மீன் கட்டின நுரைக்கூட்டுல வாலைத் தொங்கவிட்டுக்கிட்டு இருக்கு. புதன்கிழமை காலையில படுத்து நீஞ்ச ஆரம்பிக்கும். உடனே அப்பன் மீனை எடுத்துடு, இல்லேன்னா குஞ்சைத் தின்னுடும். அன்னைக்கே தீனியைப் போட்டுடு. இலையில ஊர்ற பொடிப் புழுவைத் தின்னு வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஒன்னுகூட மிஞ்சாது. விளங்குதா?"

"இதை ஒரு மாட்டுக்குச் சொன்னாக்கூட விளங்கும்."

"அதான் உன்கிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மார்லூசியா பேருந்துக்கு ஓடினார்.

ஆர்ட்டீமியா என்பது உப்புத் தண்ணீரில் வாழும் பொடிப் பூச்சி. அதன் முட்டை டப்பாவில் பழுப்புத் தூள் போல வரும். வருடக்கணக்கில் செத்தது போல் கிடக்கும். உப்புத் தண்ணீரும் காற்றும் சூடும் கிடைத்தால் எழுந்துவிடும். எழுந்தவுடன் ஆரஞ்சு நிறத்தில் துடித்துத் துடித்து நீந்தும். ஃபைட்டர் குஞ்சின் வாய்க்குச் சரியாக நுழையும். இவ்வளவும் வால்டெசிருக்குப் பிறகுதான் தெரியும். அன்று அவருக்குத் தெரிந்தது, உப்பு வேண்டும் என்பது மட்டும்தான்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. எங்கள் ஊரில் மீன்காரர் "மூட்டை உப்பு" என்றால் கறி சுடுவதற்குத் தடவும் கல் உப்பு. மார்லூசியா அதை இருபத்தைந்து கிலோ மூட்டையாக வாங்கிக் கொட்டகையின் மூலையில் வைத்திருந்தார். மாட்டுக்காரர் "மூட்டை உப்பு" என்றால் அது வேறு. மாட்டுத் தொழுவத்தில் மரத்தொட்டியில் கொட்டி வைப்பது, பசுக்கள் நாக்கால் நக்கித் தின்பது, சாம்பல் நிறமானது, உப்போடு இன்னும் என்னென்னவோ சத்து கலந்தது. பிறந்த நாளிலிருந்து மூட்டை என்றால் மாடு என்று வாழ்ந்தவர் வால்டெசிர். அக்காவின் கொட்டகையில் தேடிப் பார்க்கும் எண்ணமே அவருக்கு வரவில்லை. தன் தொழுவத்துக்குப் போய், கரண்டியை நிரப்பிக்கொண்டு வந்தார்.

"அதுமட்டுமில்ல," என்று இந்த இடத்தில் அவரே நிறுத்திச் சொல்வார். "அக்காவுக்கு மேல ஒரு படி யோசிச்சேன். வெறும் உப்பு போட்டாலே பொரியுதுன்னா, சத்து உப்பு போட்டா எப்படிப் பொரியும்! மாட்டுக்கு ரோமம் பளபளங்குது, மீனுக்கு வால் பளபளக்காதா? இந்த விஷயம் இந்த மீன்காரங்க ஒருத்தனுக்கும் தோணலையேன்னு சிரிச்சுக்கிட்டேன்."

திங்கட்கிழமை மதியம் பாட்டிலில் காற்றுக் குமிழி ஓட ஆரம்பித்தது. தண்ணீர் கலங்கலாக, கழுநீர் போல இருந்தது. சத்து அதிகம் என்று நினைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஐந்து தடவை வந்து பார்த்தார். சும்மா இருக்க முடியாமல், ஜாடிகளுக்கு நடுவில் இருந்த அட்டைகளை உருவித் தூசி தட்டினார். அடுத்த நிமிடம் நாற்பது ஆண் மீன்களும் நாற்பது பக்கமும் செவுளை விரித்து நின்றன. எந்த அட்டை எந்த இடத்தில் என்று தெரியாமல் திரும்பச் செருகி முடிக்க மதியமாகிவிட்டது. அன்றைக்கு மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகி, அவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தின.

புதன்கிழமை காலை குளிர்சாதனப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மார்லூசியா சொன்னபடியே குஞ்சுகள் படுத்து நீந்திக்கொண்டிருந்தன. அப்பன் மீனைக் கரண்டியால் மெதுவாக மொண்டு ஜாடிக்கு மாற்றினார். அந்த வாரம் முழுவதிலும் அவர் சரியாகச் செய்தது இது ஒன்றுதான். பிறகு பாட்டிலைப் பார்த்தார். அடியில் சாம்பல் நிற வண்டல். மேலே பழுப்புத் தூள். நடுவில் ஒன்றும் இல்லை. பம்பை நிறுத்திவிட்டு, கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தார். எதுவும் துடிக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே யாரையாவது கேட்டிருப்பார்கள். வால்டெசிர் பேராசிரியர் ஆயிற்றே. அவர் தனக்குள்ளேயே மாநாடு கூட்டினார். குளிர் அதிகம், அதனால் பல்பைக் கிட்டே இழுக்க வேண்டும். உப்பு போதவில்லை, அதனால் நான்கு கரண்டி போட வேண்டும். பாட்டிலைக் கழுவி, புது முட்டை போட்டு, நான்கு கரண்டி மாட்டு உப்பையும் கலக்கினார். பல்பு கிட்டே இருப்பதால் வியாழக்கிழமை மதியமே பொரிந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடலாம். அக்காவுக்குத் தெரியவே தெரியாது.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். "பேத்தி பொறந்திருக்காடா. ரெண்டரை கிலோதான். ஆனா என்ன சத்தம்! அதை விடு. குஞ்சுங்க தின்னுச்சா?"

"தின்னுச்சே."

"வயிறு என்ன நிறத்துல இருக்கு?"

வால்டெசிர் திகைத்தார். வயிற்றுக்கு நிறம் உண்டு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "நல்ல நிறம்."

"நல்ல நிறம்னா?"

"நல்லா இருக்கிற வயித்துக்கு என்ன நிறம் இருக்குமோ அது."

"ஆரஞ்சா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன், நீ முந்திக்கிட்டே."

அந்தப் பக்கம் மார்லூசியா பெருமூச்சு விட்டார். "உன்னை நம்பாம ஓசோரியோகிட்ட போயிருந்தா, வெக்கமா போயிருக்கும்டா. நீ இவ்வளவு பொறுப்பா இருப்பேன்னு நான் நினைக்கலை."

ரொட்டிக் கடையில் கதை சொல்லும்போது வால்டெசிர் சிரிக்காமல் சொல்லும் ஒரே இடம் இதுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்பார். அக்கா தன்னை மெச்சிப் பேசி அவருக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலை குஞ்சுகள் சில அடியில் சாய்ந்து கிடந்தன. நீந்தியவற்றின் வயிறு ஒட்டி, ஊடாகப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. வால்டெசிர் கோழி முட்டை ஒன்றை வேகவைத்து, மஞ்சள் கருவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தார். குழந்தைக்குக் கொடுப்பது மீனுக்கு ஆகாதா என்ன. குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றுக்குத் தீனி என்றால் துடிக்க வேண்டும், அசையாததைத் தின்னாது. இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் நாறியது. கைக்கு எட்டியவரை மொண்டு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார். செத்த குஞ்சுகளை ஒரு காபி டம்ளரில் எடுத்து எண்ண ஆரம்பித்தார். எழுபதுக்கு மேல் எண்ணவில்லை.

பாட்டிலில் நான்கு கரண்டி உப்பும் கவனிப்பாரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதும் அவருக்குத் தன் மேல் சந்தேகம் வரவில்லை. முட்டை மேல்தான் வந்தது. டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்து, எல்லோரும் மரியாதையாகத் தோனா என்று கூப்பிடும் இராசில்டாவின் கடைக்குப் போனார். மாட்டுத் தவிடும் மீன் தீனியும் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடை அது. அறுபது வயது இராசில்டாவுக்கு ஊரில் யார் வீட்டில் எது தின்கிறது, எது தின்னவில்லை என்பதெல்லாம் தெரியும். கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

வால்டெசிர் டப்பாவை மேஜையில் டொக்கென்று வைத்தார். "இது செத்த முட்டை, தோனா இராசில்டா. எங்கக்காவை ஏமாத்திட்டீங்க."

"அப்படியா, பேராசிரியரே? இதே பெட்டியிலேருந்து பதினாலு பேரு வாங்கிட்டுப் போனாங்க. எல்லாருக்கும் பொரிஞ்சுது. உங்ககிட்ட வந்ததும் செத்துப்போச்சாக்கும்?"

"பல்பு வெச்சேன். காத்து விட்டேன். சோடா போட்டேன். ஒன்னும் குறை வைக்கலை."

"உப்பு?"

"உப்பு இல்லாமலா? முதல்ல ரெண்டு கரண்டி, அப்புறம் நாலு."

"என்ன உப்பு?"

"மூட்டை உப்பு."

"என் கடையில நாலு தினுசு மூட்டை இருக்கு. உங்க மூட்டை மேல என்ன படம் போட்டிருக்கு?"

வால்டெசிர் யோசித்தார். கண்முன்னே மூட்டை வந்து நின்றது. அதன் மேல் ஒரு முகம் அவரைப் பார்த்தது.

"மாடு" என்றார்.

பின்னாலிருந்து ஒருவர் மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "பசுவா, காளையா?"

அதற்குப் பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒருவர் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இராசில்டா மட்டும் சிரிக்காமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுல தாமிரம் கலந்திருக்குப்பா. மாட்டுக்கு அது சத்து. தண்ணிப் பூச்சிக்கு அது விஷம். தொட்டியில நத்தை வந்தா, அதைக் கொல்லவே தாமிரம்தான் போடறாங்க. நீ பொரிக்கலை, கொன்னிருக்கே. நாலு கரண்டி போட்டு நல்லா கொன்னிருக்கே."

"இப்ப கல் உப்பு குடுங்க. திரும்பப் போடறேன்."

"இப்ப போட்டா நாளை ராத்திரிதான் பொரியும். குஞ்சுங்க எத்தனை நாளா பட்டினி?"

வால்டெசிர் விரலை மடக்கினார், பிறகு மடக்கிய விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பொரிச்ச பூச்சி தயாரா வெச்சிருக்கிற ஆளு நம்ம பக்கத்துல ஒருத்தர்தான்," என்றார் இராசில்டா. "தினம் ரெண்டு பாட்டில் போடறாரு. யாருன்னு உனக்கே தெரியும்."

தெரியும். ஓசோரியோவுக்கும் அவருக்கும் பேச்சு நின்று மூன்று வருடம். ஓசோரியோ தொட்டி கட்டும்போது பக்கத்தில் நின்று, வடிகாலை ஓடைப் பக்கம் வைக்கச் சொன்னவர் வால்டெசிர். "தண்ணி தானா ஓடும் பாருங்க" என்றார். ஜனவரி மழையில் ஓடை நிரம்பி, தண்ணீர் வடிகால் வழியாகத் திரும்பி உள்ளே வந்து, ஓசோரியோவின் இரண்டாயிரம் தங்கமீன்களையும் அழைத்துக்கொண்டு போயிற்று. அந்த மாதம் கீழ்க்கரையில் தூண்டில் போட்டவர்களுக்கெல்லாம் தங்கமீன் கிடைத்தது. ஓசோரியோவுக்கு அது வேடிக்கையாக இல்லை.

ஓசோரியோவின் வாசல் கதவு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, வால்டெசிர் இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகலாம். குஞ்சுகள் நோய் வந்து செத்தன என்று சொல்லலாம். அக்கா அழுவார். ஆனால் நம்புவார். ஆரஞ்சு வயிற்றை நம்பினாரே. அதை நினைத்ததும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை, இறங்கிவிட்டார்.

ஓசோரியோ எலும்பும் தோலுமான மனிதர். தொட்டியில் வலையை அலசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, பேராசிரியர் வழி தவறிட்டாரா?"

"ஓசோரியோ அண்ணே, ஒரு கப்பு ஆர்ட்டீமியா வேணும். அக்காவோட குஞ்சுங்களுக்கு."

"மார்லூசியா எங்கே?"

"பேத்தி பொறந்திருக்கு, ஊருக்குப் போயிருக்காங்க. என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க."

"உன்கிட்டயா!" ஓசோரியோ வலையைக் கீழே போட்டுவிட்டார். "அந்தக் கறுப்புக் கோடு வாலையா?"

"அதேதான்."

"பொரிக்கத் தெரியும்னு சொல்லியிருப்பியே."

"சொன்னேன்."

"தெரியுமா?"

வால்டெசிர் தொட்டியைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். "தெரியாது."

"காது கேக்கலை. பம்பு சத்தம்."

"எனக்குத் தெரியாதுண்ணே! ஆர்ட்டீமியா பொரிக்கத் தெரியாது. மாட்டு உப்பைப் போட்டுட்டேன். பாதி செத்துப்போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"வேற எதெல்லாம் தெரியாது?"

"வடிகாலை எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியாது" என்றார் வால்டெசிர். "அன்னைக்கும் தெரியாது. சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன், வாயில வந்துது, சொல்லிட்டேன்."

ஓசோரியோ அவரை முழுதாக ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வருடம் காத்திருந்த வார்த்தை அது. கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. "இரு" என்று உள்ளே போனார். பம்பை நிறுத்தி, பாட்டிலின் அடியில் விளக்கைக் காட்டினார். பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி ஆரஞ்சு மேகமாகக் கீழே கூடின. மேலே ஓடுகள் மிதந்தன. குழாயைத் திறந்து மேகத்தை மட்டும் மெல்லிய துணியில் வடித்தார், நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினார், ஒரு தயிர் கப்பில் ஊற்றினார்.

"அலசாம போடாதே, உப்புத் தண்ணி குஞ்சுக்கு ஆகாது. ஒரு சொட்டு, ஒரு சொட்டா விடு. காலையில வா, மதியம் வா, சாயங்காலம் வா. கப்பைக் கழுவிக் கொண்டா. எதுவும் சொல்லித் தராதே."

வால்டெசிர் ஒரு கையில் கப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியை ஓட்டி வந்தார். மண்பாதையில் அவ்வளவு மெதுவாக அந்த வண்டி அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் ஓரத்தில் மண்டியிட்டு முதல் சொட்டை விட்டார். ஒரு குஞ்சு நின்றது, உடம்பை எஸ் போல வளைத்தது, கொத்தியது. இன்னொன்று கொத்தியது. பத்து நிமிடத்தில் அவர் கண்ணெதிரே ஒவ்வொரு வயிறும் நிறைந்து, கடுகு அளவு ஆரஞ்சு விளக்காக எரிந்தது. அக்கா கேட்ட நிறம் எது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அங்கேயே மண்டியிட்டபடி அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நேத்து ஆரஞ்சுன்னு சொன்னேனே, அது பொய். இன்னைக்குத்தான் ஆரஞ்சு."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. வால்டெசிர் மூட்டை, மாடு, மஞ்சள் கரு, ஓசோரியோ என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"எத்தனை மிச்சம்?"

"எண்ணலை. எழுபது, எண்பது இருக்கும். எண்ணாமச் சொல்றேன், அதனால நம்பாதே."

மார்லூசியா சொன்னார்: "நான் வந்ததும் உன்னைக் கொல்றேன். அதுவரைக்கும் தினம் மூணு வேளை தீனி போடு. கையைக் கழுவிட்டுப் போடு, அந்த மாட்டு உப்புக் கை தண்ணியில படக் கூடாது." வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டார். "ஓசோரியோகிட்ட நீயா போனே? நீயா?"

"நானேதான்."

"நடக்காத விஷயமால்ல இருக்கு" என்றார் மார்லூசியா. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று வால்டெசிருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது அறுபத்தெட்டுக் குஞ்சுகள் இருந்தன. மார்லூசியா பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைக் கொல்லவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தார், அது வால்டெசிருக்கு இன்னும் கஷ்டமாக இருந்ததாம். கறுப்புக் கோடு விழுமா விழாதா என்று தெரிய மூன்று மாதம் பிடித்தது. செப்டம்பர் கடைசியில் ஆண்களில் ஐந்துக்கும் பெண்களில் மூன்றுக்கும் விழுந்தது. ஐந்தில் ஒன்று அப்பனைவிட நல்ல மீன். வாலை விரித்தால் ஜாடி கொள்ளாது.

மார்லூசியா அந்த ஒன்றை எடுத்து, புது ஜாடியில் விட்டு, தம்பியிடம் கொடுத்தார். "இதை ஓசோரியோகிட்ட குடுத்துட்டு வா. நல்ல மீன்னு சொல்லு. அவர் கப்பு இல்லேன்னா இது இல்லைன்னு சொல்லு. வேற ஒன்னும் சொல்லாதே."

வால்டெசிர் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தே போனார். ஓசோரியோ வாசலுக்கு வந்தார். ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மீன் வாலை விரித்தது. ஓசோரியோவின் முகத்தில் ஏதோ இளகியது. "உள்ள வாயேன், காபி இருக்கு" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

வால்டெசிர் உள்ளே போக அடி எடுத்து வைத்தார். அப்போது வாசல் கதவு கிரீச்சென்றது. அவர் நின்று, குனிந்து, கீலை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, இதைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. கழட்டித் திருப்பிப் போட்டா..."

ஓசோரியோ கதவைச் சாத்திவிட்டார். காபி அடுத்த வாரம்தான் கிடைத்தது.

இதைப் படித்தவர்கள் இரண்டு பேரிடமாவது சொல்லுங்கள். ரொட்டிக் கடையிலோ பேருந்திலோ எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். ஊர்ப் பெயரை மறந்தாலும் குற்றமில்லை. வால்டெசிர் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். எழுதுவதற்கு முன்னால் கேட்டேன், "மாத்தினா இன்னொருத்தன் முட்டாள்னு ஆயிடும், அது நியாயமில்ல" என்றார்.